விலாசத்தோடு ஒரு ஜெபம்

சாலேம் தெருவுக்குச் செருப்புகள் வந்தது ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கிற மாசி மாதத்தில். செருப்புகள்தான் வந்தன, அவற்றைப் போட்டு நடந்த கால்கள் வரவில்லை, ஆனாலும் தெருவில் யாரும் அலறவுமில்லை ஓடவுமில்லை, ஏனென்றால் ஒரு வீட்டு வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்றுதானே அர்த்தம், அதில் பயப்பட என்ன இருக்கிறது.

முதலில் பார்த்தவள் ஞானப்பூ. விடிந்ததும் வாசல் பெருக்கக் கதவைத் திறந்தவள், படியில் ஒரு நீல ரப்பர் செருப்பும், வார் அறுந்த சப்பாத்து ஒன்றும், முழங்கால் வரை ஏறுகிற கறுத்த பூட்ஸ் ஒரு சோடியும், அந்தப் பூட்ஸின் மூக்கில் வெள்ளையாய் ஒட்டியிருந்த பனி உருகித் தன் சிமெண்டுப் படியில் ஓடுவதையும் கண்டாள். கண்டவுடன், யாரோ தூரத்திலிருந்து வந்திருக்கிறார்கள் என்று எண்ணி, துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, கட்டன்சாயாவுக்குத் தண்ணீர் வைக்க உள்ளே திரும்பினாள். திரும்பும்போதுதான் கதவோரம் கிடந்த தவிட்டு நிறத் தோல்செருப்பைப் பார்த்தாள். அதன் பெருவிரல் வளையத்தில் நீல நூல் தையல் இருந்தது. அது அவளுடைய தையல்.

“டார்வின்!” என்று கூப்பிட்டுக்கொண்டே அறை அறையாக ஓடினாள். ஒருவரும் இல்லை. ஜெபமேசைக்கு எதிர்ச் சுவரில் மகன் மாட்டிவிட்டுப் போயிருந்த கேமராவில் மட்டும் பச்சைப்பொட்டு ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது.

கணவர் தவசிமுத்துவை அடக்கம் செய்த அந்த வாரத்திலேயே, கனடாவுக்குத் திரும்புமுன், இணையப் பெட்டியையும் கேமராவையும் வைத்துவிட்டுப் போனவன் டார்வின். “நீங்க தனியா இருக்கீங்கம்மா. திருடன் வந்தா நான் அங்கயிருந்தே பாப்பேன்” என்றான். “நான் பேசுறதும் உனக்குக் கேக்குமா மக்ளே?” என்று அவள் ஆசையாய்க் கேட்டதற்கு, “இல்லம்மா, இதுக்குக் கண்ணு மட்டும்தான், காது கிடையாது” என்று சொல்லிச் சிரித்தான்.

அவள் போன் செய்தாள். “மக்ளே, நீ வந்திருக்கியா?”

“ஆபீஸ் விட்டு வந்து சும்மா கேமராவுல பாத்தேன்மா. ஏன்?”

“உன் தோல்செருப்பு இங்க வாசல்ல கெடக்கு.”

“அங்கயா இருக்கு? வீட்டுக்குள்ள போட்டுட்டு நடக்கிறது, இப்பத்தான் தேடிட்டிருக்கேன்” என்றான் டார்வின். “சரி, பத்திரமா வையுங்க.”

அவன் பேசி முடித்த சற்று நேரத்தில் பச்சைப்பொட்டு அணைந்தது. அணைந்தபோது வாசலில் அந்தச் செருப்பும் இல்லை. மறுநாள் விடியலில் மறுபடியும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. கூப்பிடாமல் அந்தப் பெட்டி வழியாக யாரெல்லாம் வீட்டுக்குள் வருகிறார்களோ அவர்களெல்லாம் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வருகிறார்கள் என்று தெருவுக்கு விளங்க அதிக நாள் ஆகவில்லை.

செருப்புகள் பெருகியதற்குக் காரணம் ஞானப்பூவேதான். சாலேம் தெருச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காக ஜெபித்தாலும் விலாசத்தோடு ஜெபிப்பார்கள். ஆஸ்பத்திரியில் கிடப்பவனுக்காக ஜெபித்தால் வார்டும் கட்டில் எண்ணும் சொல்வார்கள், வேலை தேடுகிறவனுக்காக ஜெபித்தால் கம்பெனிப் பெயரும் பின்கோடும் சொல்வார்கள், பெண் பார்க்கப் போகிற வீட்டுக்காக ஜெபித்தால் எந்த பஸ்ஸில் ஏறி எந்த வளைவில் இறங்க வேண்டும் என்பதைக்கூட விடமாட்டார்கள், ஏனென்றால் பொதுவாய்க் கேட்டால் பொதுவாய்த்தான் கிடைக்கும், பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டால் என்ன செய்வது. அதனால் செருப்புகள் வந்த அந்த வாரமே பெண்கள் ஜெபக்கூட்டத்தில் ஞானப்பூ எழுந்து கண்ணை மூடி, “ஆண்டவரே, என் வீட்டுல புதுசா வச்சிருக்க வைஃபை பெட்டியை அந்நியர் கைக்கு விலக்கிக் காத்தருளும், அதன் பாஸ்வேர்டு தவசி, இங்கிலீஷ்ல, எல்லாம் சின்ன எழுத்து, நடுவுல இடைவெளி இல்ல, அதுக்குப் பின்னால எங்க கல்யாண வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்துநாலு” என்று உருகி வேண்டினாள்; எல்லாப் பெண்களும் ஒருமித்து ஆமென் சொன்னார்கள்; அந்த ஆமென் வீடுபோய்ச் சேர்ந்த சாயங்காலமே சாலேம் தெருப் பிள்ளைகளின் செருப்புகளெல்லாம் ஞானப்பூவின் வாசலில் குவிந்தன.

தெரு அதற்கும் பழகிக்கொண்டது. பள்ளிக்கூடம் புறப்படும் நேரத்தில் தாய்மார்கள் பிள்ளையின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, “யக்கா, இவன் சப்பாத்து உங்க படியில கெடக்கா? போனை வைடா, வச்சாத்தானே அது காலுக்கு வரும்” என்பார்கள். மீன்காரி லூர்தம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, பனி ஒட்டிய பூட்ஸின்மேல் இரண்டு நெத்திலிப் பொட்டலத்தைச் சாய்த்து வைப்பாள்; “ஐஸ் செலவு மிச்சம்” என்பாள். பூட்ஸ்காரர்கள் யாரென்று யாருக்கும் தெரியாது. எந்த நாட்டுச் சேறு என்று தெரியாத சேறு அப்பிய செருப்புகளும், மரத்தாலான செருப்புகளும், முத்துப் பதித்த ஒற்றைக் குதிகால் செருப்பும் வந்து வந்து போயின. போதகர் ஒரு ஞாயிறு விருந்தோம்பலைப் பற்றிப் பிரசங்கம் செய்து, உதாரணத்துக்கு ஞானப்பூவின் வாசலைக் காட்டினார்.

ஆனால் தெருவார் நின்று பார்த்தது அந்தத் தவிட்டு நிறச் செருப்பைத்தான். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகள் அந்தத் தெருவில் அநேகம். அங்கேயெல்லாம் வருஷத்துக்கொரு முறை வருகிற பிள்ளை கூட இல்லாதிருக்க, இவள் மகன் தினம் விடியலில் வந்துவிடுகிறானே என்று பெருமூச்சு விட்டார்கள். ஞானப்பூ ஜெபிக்க முழங்காலிடும் நேரமும் அந்தச் செருப்பு வருகிற நேரமும் ஒன்றாக இருந்தது. காது இல்லாவிட்டாலும் கண்ணால் பார்த்து என்னோடு ஜெபிக்கிறான் என் பிள்ளை என்று அவள் நம்பினாள். நம்பி, ஜெபம் முடிந்ததும் ஓடிப்போய், அவன் கிளம்புமுன், முந்தானையால் அந்தச் செருப்பைத் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவிவிடுவாள்.

“மகன் வந்திருக்கானா ஞானப்பூ?” என்று கேட்பார்கள்.

“வந்திருக்கான்” என்பாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் பத்து வயது குறைந்துவிடும்.

நாலாம் வீட்டு மேபல் இதைப் பார்த்துப் பார்த்து, குவைத்திலிருந்து போனே செய்யாத தன் மகனின் செருப்பும் வரட்டும் என்று ஒரு பெட்டி வாங்கி, அவனுக்கு வழி தெரியாமல் போய்விடக் கூடாதே என்று பாஸ்வேர்டைச் சுண்ணாம்புக்கட்டியால் கேட்டிலேயே எழுதிப் போட்டாள். செருப்புகள் வந்தன. ஒன்றும் அவனுடையதில்லை. ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன், உடனே உதவுங்கள் என்று அவள் அனுப்பாமலே அவள் பெயரில் சபையார் எல்லோருக்கும் செய்தி போக, ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாய் ஓடி வந்தவர்கள், அவள் மரச்சீனிக் கிழங்கு அவித்துக்கொண்டு நிற்பதைக் கண்டார்கள். “வந்ததுதான் வந்தீங்க, கிழங்கு தின்னுட்டுப் போங்க” என்றாள் மேபல். கேட்டில் எழுதியதை மட்டும் அவள் அழிக்கவில்லை.

இப்படி இருக்கையில்தான் ஹெப்சி போன் செய்தாள். ஹெப்சி, டார்வினுக்கு இளையவள். டார்வினோடு ஒரே கல்லூரியில் படித்த ஜெரோமுக்குத்தான் அவளைக் கொடுத்திருந்தது. அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவன் டார்வின், பந்தியில் நின்று இலை இலையாய் உபசரித்தவனும் டார்வின்.

“அம்மா, நான் அவரை விட்டுட்டு வந்துட்டேன்.”

ஞானப்பூ தரையில் உட்கார்ந்தாள்.

“அடிக்காரும்மா. முதல்லயிருந்தே. இப்ப காது சரியாக் கேக்கல. திருச்சியில ஒரு ஹாஸ்டல்ல இருக்கேன். உனக்கு மட்டும்தான் சொல்றேன். அண்ணனுக்கும் தெரியக் கூடாது, கேட்டியா? அண்ணன் அவரு பக்கம்தான் பேசுவான்.”

“யார்ட்டயும் சொல்ல மாட்டேன் மக்ளே. ஆண்டவர்ட்ட மட்டும் சொல்லிக்கிடட்டுமா?”

ஹெப்சி அழுகைக்கு நடுவில் சிரித்தாள். “அவர்ட்ட சொல்லு.”

சொன்னாள். விடியலில் முழங்காலிட்டு, வாய்விட்டு, மகளின் இடது காதைச் சொன்னாள், அதில் விழுந்த கையைச் சொன்னாள், பிறகு வழக்கப்படி விலாசமும் சொன்னாள்: திருச்சியில் ரயில்வே மேம்பாலத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் கேட் போட்ட பெண்கள் விடுதி, இரண்டாம் மாடி, ஜன்னலோரக் கட்டில், ஆண்டவரே, அந்தக் கட்டிலைச் சுற்றி உம்முடைய தூதர்களை நிறுத்தும். எழுந்து வாசலுக்கு வந்து, தவிட்டு நிறச் செருப்பைக் கண்டு, உன் தங்கச்சிக்காக நீயும் வேண்டிக்கோ என்று மனதுக்குள் சொல்லி, எண்ணெய் தடவினாள்.

அந்த வாரம் முடியுமுன் ஹெப்சி யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டாள். “அம்மா, அவரு கேட்டுக்கு வந்துட்டாரு. இரண்டாம் மாடி, ஜன்னலோரக் கட்டில்னு வார்டன்கிட்டச் சொல்லிக்கிட்டு நிக்காரு. ஜன்னலோரக் கட்டில் வரைக்கும், அம்மா!”

“மக்ளே, கதவைப் பூட்டு, கதவைப் பூட்டிக்க...”

“வார்டன் பூட்டிட்டாங்க. நான் பின்பக்கமா எறங்கிப் போறேன். எங்கன்னு உன்கிட்டச் சொல்ல மாட்டேன். உனக்கு மட்டும்தானே தெரியும், வேற யாருக்கும் தெரியாதேம்மா.”

“நான் ஆண்டவர்ட்ட மட்டும்தான்...”

“அப்போ அவருதான் ஜெரோம்கிட்டப் போய்ச் சொன்னாரா?”

போன் அடங்கியது. ஞானப்பூ ஜெபமேசையின் பக்கம் திரும்பினாள். வேறு யாரிடமும் அவள் சொல்லவில்லை, சொல்லாதது தெரிந்துவிட்டது, அப்படியானால் சொன்னது யார்? எத்தனை வருஷமாய் எத்தனை காரியங்களை அந்த மேசையடியில் இறக்கி வைத்திருக்கிறாள், மாமியாரைப் பற்றிச் சொன்னது, தவசிமுத்துவின் குடியைப் பற்றிச் சொன்னது, ஒன்றாவது வெளியே போனதுண்டா. “நீருமா?” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். புருஷனிடம் கோபித்த பெண் பாத்திரத்தை ஓங்கி வைப்பதுபோல் வேதாகமத்தை ஓங்கி மூடி, நாற்காலியை மேசைக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டு, மறுநாளும் அதற்கு மறுநாளும் முழங்காலிடாமல் அதிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த விடியல்களிலும் தவிட்டு நிறச் செருப்பு தவறாமல் வந்து காத்துக் கிடந்தது.

அடுத்த வீட்டு ரத்னபாய் வந்து பார்த்தாள். விஷயத்தைக் கேட்டவள் தலையில் அடித்துக்கொண்டாள். “ஏட்டி, வாசல்ல இத்தனை சோடி செருப்பு கெடக்கு. உள்ள அத்தனை பேரு இருக்கான்னுதானே அர்த்தம்? அவனுவளை எல்லாம் உக்கார வச்சுக்கிட்டு ரகசியம் பேசிட்டு, ஆண்டவர் மேல பழி போடுதியா?”

ஞானப்பூவுக்கு அது உறைத்தது. உறைத்ததில் ஒரு சந்தோஷம்கூட வந்தது. காட்டிக்கொடுத்தவர் அவர் இல்லை. அப்படியானால் இந்தச் செருப்புகளில் ஒன்று.

ரத்னபாயின் மருமகள் ஷாமினி, வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவள், மடிக்கணினியோடு வந்தாள். ஞானப்பூ வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஷாமினி உள்ளே ஒவ்வொன்றாய் அடைக்க அடைக்க வாசலில் ஒவ்வொன்றாய்க் குறைந்தது.

“ஆன்ட்டி, பெட்டிக்கு அடியில ஒட்டிருக்க பாஸ்வேர்டை யாரும் மாத்தவே இல்ல. இந்தப் பெட்டி வாங்கின எல்லாருக்கும் அதே சாவிதான். இப்ப மாத்துறேன்.” பூட்ஸ் போனது, படியில் ஈரம் மட்டும் மிஞ்சியது.

“வெளியூர்ல இருந்து பெட்டியைத் திறக்கிற ஒரு வாசல் இருக்கு, அதை மூடுறேன்.” மரச்செருப்பும் முத்துச் செருப்பும் போயின.

“வைஃபை பாஸ்வேர்டு என்ன வைக்கலாம்? நீளமா இருக்கணும், ஆள் பேரு வேண்டாம். நீங்களே தட்டுங்க, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். ஜெபத்துல சொல்லிராதீங்க.” தெருப் பிள்ளைகளின் செருப்பெல்லாம் ஒரேயடியாய்ப் போக, தெருவில் அங்கங்கே பிள்ளைகள் சிணுங்குகிற சத்தம் கேட்டது.

“கேமராவுக்குப் பழைய மென்பொருளு. புதுசு போட்டுட்டேன்.” சேறு அப்பியவை போயின.

வாசல் துடைத்துவிட்டதுபோல் ஆனது. தவிட்டு நிறச் செருப்பு மட்டும் இருந்தது. அதை ஷாமினியும் பார்த்தாள், ஞானப்பூவும் பார்த்தாள்.

“அது என் மகன். அவனை ஏன் அடைக்கணும்” என்றாள் ஞானப்பூ. “அவன் பாக்கத்தான் செய்வான். இதுக்குக் காது கெடையாதுல்லா?”

ஷாமினி கேமராவைச் சுவரிலிருந்து கழற்றி, திருப்பி, அடியில் குண்டூசி முனை அளவுக்கு இருந்த துளையைக் காட்டினாள். “இதுதான் ஆன்ட்டி காது” என்றாள் மெதுவாக. “நீங்க இந்த ரூம்ல பேசினது எல்லாம் அண்ணனுக்குக் கேட்டிருக்கும். வேற எல்லாரையும் நான் அடைச்சிட்டேன். அண்ணனை அடைக்க எனக்கு வழியில்ல. இந்தப் பெட்டிக்கும் கேமராவுக்கும் எஜமான் அவங்கதான்.”

ஞானப்பூ போனை எடுத்தாள். மகனிடம் குரல் உயர்த்திப் பழக்கமில்லாதவள், அப்போதும் உயர்த்தவில்லை.

“டார்வின். நான் ஜெபிக்கிறது உனக்குக் கேக்குமாடே?”

“அம்மா, அது உங்க சேஃப்டிக்குத்தான். விழுந்து கிழுந்து கூப்பிட்டீங்கன்னா...”

“ஜெரோம்கிட்ட நீதான் சொன்னியா?”

“அவன் என் வீடியோ கால்ல அழுதான்மா. குடும்பம் பிரியக் கூடாதுன்னுதான் சொன்னேன். ரெண்டு பேரும் உக்காந்து பேசினா சரியாயிரும். ஊருல நாலு பேரு என்ன சொல்லுவாங்க, நான் கட்டி வச்ச கல்யாணம்.”

“அவ காதைப் பத்தி நான் ஆண்டவர்ட்ட சொன்னேனே. அதையும் கேட்டியா?”

கனடாவில் ஏதோ ஒரு வண்டி பனியை வாரிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

“அதையும் கேட்டுட்டுத்தான் விலாசம் கொடுத்தியா, மக்ளே?”

“அம்மா...” என்றான் டார்வின். அவள் போனை மடியில் வைத்தாள்.

பெட்டியின் முதுகில் ஒரு சின்னத் துளை உண்டென்றும், அதில் ஊசி நுழைத்து விளக்கெல்லாம் அணைகிறவரை அழுத்திப் பிடித்தால் பழைய எஜமானையெல்லாம் பெட்டி மறந்துவிடுமென்றும், அடைத்ததையெல்லாம் பிறகு மறுபடி அடைத்துக்கொள்ளலாமென்றும் ஷாமினி சொன்னாள், கேமராவிலும் அப்படியே. “ஆனா அண்ணனால இனி உங்களைப் பாக்க முடியாது ஆன்ட்டி. யோசிச்சுக்கோங்க.”

ஞானப்பூ சேலைத்தலைப்பில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். துளையில் நுழைத்து அழுத்தினாள். எவ்வளவு நேரம் என்று தெரியாததால் கர்த்தர் கற்பித்த ஜெபத்தை முணுமுணுக்கத் தொடங்கினாள். ஆகாரத்தைக் கேட்கிற இடம் வரை நன்றாகப் போயிற்று. மன்னிக்கச் சொல்கிற இடம் வந்ததும் நாக்கு நின்றுவிட்டது. நின்ற இடத்திலேயே அவள் ஊக்கை அழுத்திக்கொண்டு நின்றாள், விரல் வெளுத்து, நகம் வெளுத்து, விளக்குகள் ஒவ்வொன்றாய் அணைந்து, ஷாமினி “போதும் ஆன்ட்டி, போதும்” என்று கையைப் பிடித்து எடுக்கிறவரை.

வாசலுக்கு வந்து பார்த்தார்கள். தவிட்டு நிறச் செருப்பு போகவில்லை.

அடுத்த நாளும் போகவில்லை. அவன் உள்ளே இல்லை, உள்ளே வர வழியும் இல்லை, ஆனாலும் அது மூக்கை வீட்டைப் பார்த்து வைத்துக்கொண்டு கிடந்தது. விருந்தாளி கிளம்பும்போது செய்வதுபோல் ஞானப்பூ அதைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். அப்படியும் கிடந்தது. மழை பெய்து நனைந்தது, காய்ந்து வெடித்தது, அவள் எண்ணெய் தடவவில்லை, எடுத்து எறியவும் கை வரவில்லை. பெற்ற பிள்ளையின் செருப்பு. போகிறவர்கள் பழக்கத்தில், “மகன் வந்திருக்கானா ஞானப்பூ?” என்பார்கள். “செருப்பு மட்டும்தான்” என்பாள்.

அவள் மறுபடியும் முழங்காலிட்டாள், ஆனால் வாய் திறக்கவில்லை. விலாசம் சொல்லவும் அவளிடம் விலாசம் இல்லை. எங்கே இருக்கிறாளோ அங்கே என்பதுதான் இப்போது அவளுடைய ஜெபம்.

ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் கேட்டுக்கு வெளியே ஒருத்தி முக்காடிட்டு நின்றாள். தோளில் ஒரு பை. தலையை ஒரு பக்கம், வலது காது பக்கம், சாய்த்துக்கொண்டு நின்றதில் ஞானப்பூவுக்கு ஆள் தெரிந்தது.

“ஹெப்சி!”

ஹெப்சி கேட்டைத் தொடவில்லை. அவள் கண் படியில் இருந்தது. “அண்ணன் செருப்பு கெடக்கு. உள்ள இருக்கானா?”

“இல்ல மக்ளே. வா.”

“அப்ப செருப்பு ஏன் கெடக்கு?”

ஞானப்பூ குனிந்து செருப்பை எடுத்தாள். நீல நூல் தையல் விரலில் தட்டுப்பட்டது. ஒரு கணம் அதை நெருடிப் பார்த்தாள். பிறகு கேட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எல்லோரும் குப்பை போடுகிற வாழைத்தோட்டத்து மூலை வரை நடந்து, அங்கே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள். திரும்பிப் பார்த்திருந்தால், வைத்த இடம் வெறுமையாய்க் கிடந்ததைக் கண்டிருப்பாள்.

“நான் வாறது யாருக்காவது தெரியுமாம்மா?”

“எனக்கே தெரியாதே.”

“அவருக்கு?” என்று ஹெப்சி மேலே காட்டினாள்.

“நான் சொல்லல” என்றாள் ஞானப்பூ.

ஹெப்சி படியருகே வந்து செருப்பைக் கழற்றினாள். கழற்றியவள் அதை அங்கே விடவில்லை. இரண்டையும் ஒரு கையில் சேர்த்துத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்து, ஜெபமேசைக்கு அடியில், மேசைத்துணி மறைக்கிற இடத்தில் வைத்தாள். தாய் துணியின் நுனியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டாள்.

மறுநாள் விடியலில் ரத்னபாய் கேட்டோரம் நின்று எட்டிப் பார்த்தாள். வாசலில் ஒரு செருப்பும் இல்லை. பெருக்கின தடம் மட்டும் இருந்தது. உள்ளே இரண்டு தம்ளர் கழுவுகிற சத்தம் கேட்டது.

“யாராவது வந்திருக்காவளா ஞானப்பூ?”

பிறந்ததிலிருந்து பொய் சொல்லி அறியாத ஞானப்பூ, துடைப்பத்தைச் சுவரில் தட்டி நேராக்கிக்கொண்டு, ரத்னபாயின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்:

“யாரும் இல்லையே.”